ஒன்பதாவது துண்டு

கல்யாணங்களில் பெண்கள் பக்கம் எடுத்த வீடியோவைத் திறப்பதற்கு முன் ஷம்ஸியா இரண்டு காரியங்கள் செய்வாள். அறைக் கதவைச் சாத்திக் கொண்டி போடுவாள். அலமாரி மேல் இருக்கும் இணையப் பெட்டியின் ஸ்விட்சை அணைப்பாள். பச்சை விளக்குகள் எல்லாம் அவிந்த பிறகுதான் பென்டிரைவை மடிக்கணினியில் செருகுவாள். ஐந்து வருடத்தில் நாற்பத்துச் சொச்சம் கல்யாண வீடியோக்களை அவள் வெட்டி ஒட்டிக் கொடுத்திருக்கிறாள். ஒன்றிலிருந்துகூட ஒரு போட்டோ வெளியே போனதில்லை.

மேலப்பாளையத்தில் அந்தப் பெயருக்கு மதிப்பு அதிகம். ஆண்கள் பக்கத்தை எடுக்க ஸ்டுடியோக்காரர்கள் வருவார்கள், மண்டபத்துக்கு மேலே டிரோன்கூடப் பறக்கும். ஆனால் மருதாணி போடுகிற அன்று பெண்கள் முக்காடு இல்லாமல், கூந்தலை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு கும்மியடிப்பதை எந்த ஸ்டுடியோவிடம் கொடுப்பது? பெண்ணே படம் பிடித்தாலும் அதை வெட்டி ஒட்டுகிறவன் ஆணாக இருப்பான். அதனால் பென்டிரைவுகள் ஒரு பர்ஸுக்குள் வந்து, இன்னொரு பர்ஸுக்குள் திரும்பிப் போயின. ஷம்ஸியாவின் கணவன் முஆத் தம்மாமில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் வேலை பார்க்கிறான். ஒரு விடுமுறைக்கு வந்தபோது அவன் கொண்டுவந்த மடிக்கணினிதான் தொழிலுக்கு முதல்.

இந்தமுறை சொந்தத்திலேயே கல்யாணம். சின்னம்மா முறையான ஜனாபா சாச்சியின் மகள் தஸ்மியாவுக்கு. அதில் ஒரு சிக்கல் இருந்தது. மஸ்கட்டில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை ஹசன் அலியின் வாப்பா பத்தமடையில் இரும்புக்கடை வைத்திருக்கிறவர். பெண்கள் பக்கம் படமே எடுக்கக் கூடாது என்று நிச்சயத்தன்றைக்கே அவர் சொல்லிவிட்டார். சாச்சியின் வீட்டுக்காரர் சபையில் சம்மதமும் சொல்லிவிட்டார். மருதாணி அன்று ஜனாபா சாச்சி பிளாஸ்டிக் கூடையோடு வாசலில் நின்று முப்பத்தேழு போன்களை வாங்கி வைத்தாள். ஒரே ஒரு போன் மட்டும் தப்பி உள்ளே போயிற்று. தஸ்மியாவோடு கல்லூரியில் படித்த விஜயஸ்ரீயின் புது ஐபோன். ஏற்பாடு தஸ்மியாவுடையது.

கல்யாணம் முடிந்து மூன்றாம் நாள், புதன்கிழமை, தஸ்மியா பென்டிரைவோடு வந்தாள். ஷம்ஸியாவை அவள் அக்கா முறைக்கு லாத்தா என்றுதான் கூப்பிடுவாள்.

"லாத்தா, ஞாயித்துக்கிழம மஸ்கட்டுக்கு பிளைட்டு. அதுக்குள்ள முடிச்சுத் தந்துரு. அங்கன நாலு செவத்துக்குள்ள ஒக்காந்து பைத்தியம் பிடிக்கையில போட்டுப் பாக்கணும்."

"ஹசன் அலிக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் ஏன் ஒளிச்சு வாரேன்? நல்லவருதான். சத்தமே போட மாட்டாரு. ஆனா மூணு நாளாத்தானே தெரியும்."

"ஏளா, மாமனாரு பேச்ச மீறி எடுத்திருக்கியே, பயமா இல்லயா?"

"ஒங்கிட்ட இருக்கையில என்ன பயம்? ஒன் பொட்டிக்குள்ள போனது கபருக்குள்ள பொதச்ச மாதிரில்லா."

அவள் போனதும் ஷம்ஸியா கொண்டி போட்டு, இணையத்தை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். மொத்தம் ஒன்பது துண்டுகள். முதல் துண்டைத் திறந்தாள். கும்மிச் சத்தம் கேட்டது, வளையல் ஒலி கேட்டது, யாரோ குலவையிட்டார்கள். படம் மட்டும் வரவில்லை. திரை முழுக்கக் கறுப்பு. இரண்டாவதும் அப்படியே. கோப்பின் பெயருக்குப் பின்னால் இருந்த எம்.ஓ.வி. என்பதை எம்.பி.4 என்று மாற்றிப் பார்த்தாள். சட்டியின் மேல் எழுதியிருப்பதை மாற்றினால் உள்ளே இருக்கிற குழம்பு மாறிவிடாது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

விஜயஸ்ரீக்குப் போன் போட்டாள். அவள் பள்ளிக்கூட ஆசிரியை. பரீட்சை வேலையாகச் சங்கரன்கோவிலில் இருந்தாள்.

"அக்கா, என் போன்ல படத்த ரொம்ப இறுக்கிச் சுருக்கி எழுதும். புது முற அது. உங்க லேப்டாப்பு பழசு, அத விரிக்கத் தெரியல. எடுக்கதுக்கு முன்னாலயே செட்டிங்ஸ்ல பழைய முறைக்கு மாத்தியிருக்கணும். எனக்கு அப்பத் தோணல."

"இப்ப என்ன செய்யதுக்கு?"

"மாத்தித் தர ஒரு மென்பொருள் சும்மாவே கெடைக்கும், பேர அனுப்புதேன். அத லேப்டாப்புலயே ஏத்திக்கிடுங்க. வெளிய எங்கயும் கொண்டுபோயிராதீங்க. முடியலன்னா சனிக்கிழம நானே வந்து பாக்கேன்."

அந்த மென்பொருள் எட்டுத் துண்டுகளை ஒவ்வொன்றாக மாற்றித் தந்தது. ஒன்பதாவது நீளமானது, பதினோரு நிமிடம். பாதி தாண்டுவதற்குள் மடிக்கணினி அடுப்பில் ஏற்றிய தோசைக்கல் மாதிரி கொதித்து அணைந்துபோனது. திரும்ப ஓட்டினாள். திரும்ப அணைந்தது. வியாழன் காலை பதினோரு மணிக்கு மூன்றாவது தடவையும் அணைந்தபோது அவள் கணக்குப் போட்டாள். சனிக்கிழமை விஜயஸ்ரீ வந்து மாற்றி, அதன்பிறகு வெட்டி ஒட்ட ஒரு நாள் வேண்டும். தஸ்மியா ஞாயிறு விடியுமுன்னே திருவனந்தபுரத்துக்குக் காரேறி விடுவாள்.

ஷம்ஸியா எழுந்துபோய் இணையப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டாள்.

இலவசமாக வீடியோவை மாற்றித் தரும் தளங்கள் வரிசையாக வந்தன. முதலில் வந்ததைத் திறந்தாள். கோப்பை இங்கே இழுத்துப் போடுங்கள் என்றது. இழுத்துப் போட்டாள். நீலக் கோடு பைய நகர்ந்தது. காத்திருக்க வேண்டாம், முகவரி கொடுத்தால் முடிந்ததும் தெரிவிக்கிறோம் என்று ஒரு கட்டம் எழும்பியது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்யவும் பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவத்திலும் எழுதுகிற அதே மின்னஞ்சல் முகவரியைக் கை தானாகத் தட்டிக் கொடுத்தது. அந்த வீட்டுக்கு இருப்பது அது ஒன்றுதான். முஆத் சவூதிக்குப் போகுமுன் தொடங்கி வைத்தது.

மூன்று மணிக்கு, மாற்றிய வீடியோ அந்த இணையப் பக்கத்திலேயே வந்துவிட்டது. இறக்கினாள், திறந்தாள். படம் வந்தது.

அதுவரை வெறும் சத்தமாக மட்டும் கேட்டிருந்ததை அப்போதுதான் கண்ணால் பார்த்தாள். தஸ்மியா தாவணியை இடுப்பில் வரிந்து கட்டிக்கொண்டு, இரண்டு கையையும் பின்னால் கோத்து, வயிற்றை முன்னே தள்ளி நடந்து வருகிறாள். மாமனார் பெண் பார்க்க வந்த அன்றைய நடை. அன்றைக்கு அந்த மனிதர் வீட்டிலிருந்த பீரோவை விரல் கணுவால் தட்டி, "இது இருவது கேஜுதானா? இருவத்திரெண்டு மாதிரில்லா இருக்கு" என்று கேட்டிருந்தார். கேஜு எண் கூடினால் தகடு மெலிசு. தஸ்மியா பீரோவைத் தட்டினாள். பிறகு ஒரு மாமியின் வயிற்றைத் தட்டினாள். "இது நல்ல கனம். பழைய காலத்துத் தகடு." கடைசியில் தன் நெற்றியையே தட்டிக்கொண்டு, "இது ரொம்ப மெலிசு வே, ரெண்டு வருசம்கூடத் தாங்காது" என்றாள். கூடத்திலிருந்த பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவிழ்ந்த கூந்தல் முகத்தில் விழ, தஸ்மியா நேராக போனைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள்.

ஷம்ஸியாவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே வேலையை ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு வேலை முடிந்தது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தார்கள். உலாவியை மூடப் போனவள், நேற்றைய அந்தப் பக்கம் இன்னும் திறந்திருப்பதைப் பார்த்தாள். அவசரத்தில் படிக்காமல் விட்ட சின்ன எழுத்துகளைப் படித்தாள். கோப்பு எழுபத்திரண்டு மணி நேரம் இருக்கும். சுட்டி வைத்திருக்கும் எவரும் இறக்கிக்கொள்ளலாம். அதற்குக் கீழே ஒரு வரி: இறக்கப்பட்டது, 2 முறை.

அவள் இறக்கியது ஒரு முறை.

தப்பாகப் படித்துவிட்டோமோ என்று விரலை வைத்துப் படித்தாள். இரண்டுதான். நேற்று மதியத்திலிருந்து நடந்ததை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். இழுத்துப் போட்டது, காத்திருந்தது, இறக்கியது. ஒரு தடவை. கணினியில் கோப்பும் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.

கதவுக்கு வெளியே தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அந்தக் குரல்கூடத் தன்னைத் தேடி வருவதுபோல இருந்தது. எந்த ஊரில் எந்த மனுசன் இந்த நேரத்தில் தஸ்மியாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறானோ. அவளை மட்டுமா? அந்தத் துண்டில் மட்டும் இருபத்தைந்து பெண்களாவது தெரிந்தார்கள். பள்ளிவாசல் இமாமின் மனைவி இருந்தாள். பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டு ஒருத்தி ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஷம்ஸியா அந்த இடத்தை வெட்டி எடுத்திருந்தாள். தளத்தில் கிடப்பதோ வெட்டாதது.

அழிப்பதற்கு ஒரு பொத்தானைத் தேடினாள். பக்கத்தை மேலும் கீழும் உருட்டினாள். கேள்வி பதில் பகுதியில்தான் இருந்தது: உங்கள் கோப்பை உடனே அழிக்க, நாங்கள் அனுப்பிய மின்னஞ்சலில் உள்ள சுட்டியைத் தட்டவும்.

மின்னஞ்சல். அதன் கடவுச்சொல் அவளுக்குத் தெரியாது. அது திறப்பது முஆதின் போனில்.

தம்மாமில் அப்போது காலை எட்டு மணி இருக்கும். வெள்ளிக்கிழமை அவனுக்கு விடுமுறை. இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டான்.

"ஏங்க, ஒரு மெயில் வந்திருக்கும். இங்கிலீசுல. அதத் தொறந்து வீடியோவ எதுவும் பாக்காம, அடியில அழிக்கதுக்கு—"

"அதுவா? நேத்தே பாத்தாச்சே." முஆத் சிரித்தான். "நீ நம்ம புள்ள பள்ளிக்கூடத்துல ஆடுனத அனுப்பியிருக்கன்னுல்லா நெனச்சேன். ஏளா, தஸ்மியாவா அது? என்னா சேட்ட!"

ஒரு கணம் அவளுக்கு உயிர் திரும்பியது. இரண்டாவது ஆள் இவன்தான். எங்கோ இருக்கும் அந்நியன் இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று வாய்வரை வந்தது. பிறகு அவன் இருக்கும் அறை ஞாபகத்துக்கு வந்தது. ஆறு கட்டில்கள். எல்லோரும் இந்தப் பக்கத்து ஆட்கள்.

"எங்கன வச்சுப் பாத்திய?"

"ரூம்லதான்."

"போன்லயா?"

"போன்ல சின்னதா தெரியும்லா. டிவில போட்டேன்."

"ரூம்ல யாரு இருந்தா?"

அவன் சிரிப்பு நின்றது. "ரெண்டு மூணு பேரு இருந்தாங்க. பொம்பளையள்னு தெரிஞ்ச ஒடனே நிறுத்திட்டேன் ஷம்ஸி."

"ஒடனே நிறுத்துனா சேட்ட எப்பிடித் தெரிஞ்சுது?"

அவன் கட்டிலை விட்டு எழுவது கேட்டது.

"யாரு யாரு இருந்தா, சொல்லுங்க."

"அலி அக்பர் இருந்தான்."

ஷம்ஸியா கட்டிலில் உட்கார்ந்தாள். அலி அக்பர், ஹசன் அலியின் மூத்த லாத்தாவைக் கட்டியவன். இந்தக் கல்யாணப் பேச்சே அந்தத் தம்மாம் அறையில், இரண்டு கட்டில்களுக்கு நடுவேதான் தொடங்கியது.

"அவுக சிரிச்சாகளா?"

"இல்ல. பீரோவத் தட்டுத எடம் வரைக்கும் பாத்தான். அப்பறம் எந்திச்சு வெளிய போயிட்டான். ராத்திரி சாப்பாட்டுக்கும் எங்ககூட ஒக்காரல." முஆத் குரலைத் தாழ்த்தினான். "இப்பவும் ரூம்ல அவன் கட்டில்லதான் படுத்துக் கெடக்கான். தூங்குதானா, கேக்கானான்னு தெரியல."

அவள் சொல்லச் சொல்ல அவன் போனில் இறக்கியிருந்ததை அழித்தான், மின்னஞ்சலைத் திறந்து அழிக்கும் சுட்டியைத் தட்டினான். மடிக்கணினியில் அவள் பக்கத்தைப் புதுப்பித்தாள். அப்படி ஒரு கோப்பு இல்லை என்று வந்தது. அரை மணி நேரமாக அவள் துஆ செய்துகொண்டிருந்தது அந்த ஒரு வரிக்காகத்தான். வந்துவிட்டது. பயம் மட்டும் இம்மியும் குறையவில்லை.

"அலி அக்பர்ட்ட நான் பேசிக்கிடுதேன். நீ வாயத் தொறக்காத. ரெண்டு நாளு, அதுகள் மஸ்கட்டுக்குப் போயிரும். எல்லாம் ஆறிப் போயிரும்" என்றான் முஆத்.

போனை வைத்த பிறகும் இரண்டு மணி நேரம் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். ஆறிப் போயிரும். அலி அக்பர் சொல்லாமலே இருந்துவிட்டால்? மானஸ்தன், சொல்ல மாட்டான். சொன்னால்? இரும்புக்கடைக்காரர் காதுக்கு எட்டினால், சபையில் கொடுத்த வாக்கு போய்விட்டது என்றுதான் முதலில் பேச்சு வரும். கேஜைக் கேலி செய்தது அதற்குப் பிறகு. எதற்கு அடி விழுகிறது என்றே தெரியாமல் அந்தப் பெண் வேறு நாட்டில் நிற்பாள். வாயை மூடிக்கொண்டால் தப்பிப்பது தஸ்மியா இல்லை, தான் மட்டுமே என்பது ஷம்ஸியாவுக்கு விளங்கியது. புர்காவை மாட்டிக்கொண்டு இறங்கினாள்.

ஜும்ஆத் தொழுகை நேரம். தெருவில் ஆண்களே இல்லை. பாளையங்கால்வாய்ப் பாலத்தைத் தாண்டும்போது நாலு பள்ளிவாசல்களின் பிரசங்கமும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து கேட்டது. அடைத்த கடைகளுக்கு முன்னால் அவள் மட்டும் நடந்தாள். யாராவது எதிரே வந்து ஒரு வார்த்தை பேசினால் அப்படியே திரும்பிவிடுவாள்போல இருந்தது. யாரும் வரவில்லை.

தஸ்மியா காலையில்தான் உம்மா வீட்டுக்கு வந்திருந்தாள். காலைச் சாப்பாட்டை அவளோடு பசியாறிவிட்டு ஹசன் அலியே பைக்கில் கொண்டுவந்து விட்டுப் போனானாம். தொழுகைக்குப் பத்தமடைக்குத் திரும்பியவன், சாயங்காலம் வந்து கூட்டிப் போவானாம். ஜனாபா சாச்சி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"வாளா. மூஞ்சி என்ன இப்பிடி வெளுத்துக் கெடக்கு? சாப்பிட்டியா இல்லயா?"

"சாப்பிட்டேன் சாச்சி."

"பொய்யி. மேல போ, அவ பொட்டி கட்டுதா. ஒரு தட்டுல சோறு போட்டுக் கொண்டாரேன்."

மாடி அறையில் தஸ்மியா பெட்டியைத் தொங்கு தராசில் மாட்டி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டிருந்தாள். "இருவத்தெட்டு. இன்னும் ரெண்டு கிலோ வைக்கலாம் லாத்தா. என் வீடியோ எத்தன கிலோ?"

ஷம்ஸியா கதவைச் சாத்தினாள். ஆரம்பத்திலிருந்து சொன்னாள். கறுப்புத் திரை, மூன்று தடவை அணைந்த கணினி, அந்தத் தளம், மின்னஞ்சல், டிவி. எதையும் குறைக்கவில்லை.

தஸ்மியா தராசைக் கீழே வைத்தாள். "நெட்ட அமத்திட்டுத்தான் பாப்பேன்னு சொல்லுவியே."

"இந்தத் தடவ அமத்தல."

"அலி அக்பர் மச்சானா பாத்தாக?"

"ஆமா."

"எது வரைக்கும்?"

"பீரோவத் தட்டுத வரைக்கும்."

தஸ்மியா பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். திட்டுவாள் என்று ஷம்ஸியா காத்திருந்தாள். அவள் திட்டவில்லை. மருதாணி இன்னும் சிவப்பாக இருந்த உள்ளங்கைகளைத் தொடையில் தேய்த்துக்கொண்டே இருந்தாள். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தொழுகை முடிந்த சத்தம் கேட்டது.

"மச்சான் சொல்லி இவருக்குத் தெரியதுக்கு முன்னால நானே சொல்லிருதேன். நீ எங்கயும் போயிராத" என்றாள்.

போனை மெத்தையில் வைத்து, ஷம்ஸியாவும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். ஹசன் அலியின் குரல் வந்தது. நிதானமான, மெல்லிய குரல்.

"தொழுதுட்டு இப்பத்தான் வெளிய வாரேன். சொல்லு."

தஸ்மியா ஒரே மூச்சில் சொன்னாள். படம் எடுக்கச் சொன்னது நான்தான், உம்மாவுக்குத் தெரியாது, உங்க வாப்பா மாதிரி நடிச்சேன், வெளையாட்டுக்குத்தான், அது தப்பித் தம்மாம் வரைக்கும் போயிருச்சு. மறுபக்கம் ஒரு பைக் கிளம்பும் சத்தம் கேட்டது. யாரோ அவனுக்கு ஸலாம் சொன்னார்கள். அவன் நிறுத்திப் பதில் ஸலாம் சொன்னான்.

"தெரியும்" என்றான்.

"என்ன?"

"அலி அக்பர் மச்சான் நேத்து ராத்திரி இஷா தொழுகைக்கு அப்பறம் போன் பண்ணுனாங்க."

தஸ்மியா ஷம்ஸியாவைப் பார்த்தாள். "நேத்தா? அதுக்குப் பெறவு எங்கூடத்தான இருந்திய. காலைல ஒண்ணாத்தான பசியாறுனோம். இடியாப்பத்துக்குப் பால் ஊத்தித் தந்தியளே."

"ஆமா."

"ஒரு வார்த்த கேக்கலியே."

"நீயா சொல்லுதியான்னு பாத்துக்கிட்டு இருந்தேன்."

அதைச் சொன்னபோதும் குரல் ஏறவில்லை. இடியாப்பம் வேண்டுமா என்று கேட்டிருந்தாலும் அதே குரலில்தான் கேட்டிருப்பான்.

"கோவமா இருக்கியளா?"

"இல்ல. வாப்பாட்ட நான் சொல்லல. மச்சானயும் சொல்லாண்டாம்னு சொல்லிட்டேன். நீயும் யாருட்டயும் சொல்லாத."

"அப்ப..."

"ஞாயித்துக்கிழம போறோம்லா. அங்கன போய் நம்ம ரெண்டு பேரும் பேசிக்கிடலாம்." கூடவே கேட்டான்: "பொட்டி எத்தன கிலோ வந்திருக்கு?"

"இருவத்தெட்டு."

"சரி. ஆறு மணிக்கு வாரேன்."

போன் அணைந்தது.

"கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும் லாத்தா" என்றாள் தஸ்மியா. "ராத்திரி முழுக்க என் பக்கத்துல எல்லாம் தெரிஞ்சுக்கிட்டேல்லா படுத்திருந்திருக்காரு. என் மூஞ்சியப் பாத்துச் சிரிச்சாரு. நானும் சிரிச்சேன்."

"போகாண்டாம்னு சொல்லிரு. கொஞ்ச நாளு கழிச்சு வாரேன்னு சொல்லு. நான் சாச்சிட்டப் பேசுதேன். தப்பு எம்மேலதான்னு சொல்லுதேன்."

"உம்மாட்ட என்னன்னு சொல்லுவ?"

"நடந்தத அப்பிடியே சொல்லுதேன்."

"என்ன ஏசுனாரா? அடிச்சாரா? அவுக வாப்பாட்ட கோளு சொன்னாரா?" தஸ்மியா ஷம்ஸியாவின் மணிக்கட்டை இறுகப் பிடித்தாள். "நீயும் கேட்டுக்கிட்டுத்தான இருந்த. அவரு என்ன செஞ்சாரு? சொல்லு லாத்தா, அவரு என்ன செஞ்சாருன்னு உம்மாட்ட சொல்ல?"

மாடிப்படியில் தட்டோடு சாச்சி ஏறி வரும் சத்தம் கேட்டது. ஷம்ஸியா ஹசன் அலியின் குரலை, அது சொன்னவற்றை ஒவ்வொன்றாக மனதில் ஓட்டிப் பார்த்தாள். சாச்சியிடம் குற்றம் என்று சொல்ல அதில் ஒரு வார்த்தைகூட அகப்படவில்லை.